ஏழாம் நம்பர் வெள்ளரி

காய்கறி விஷயத்தில் மனிதர்கள் இரண்டே வகை, விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகுதான் மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று தெரிந்தது. இவர் நீங்கள் கேட்காமலே கொண்டுவந்து கொடுப்பார். காசு வாங்கமாட்டார். பதிலுக்கு நீங்கள் எதையாவது நீட்டினால் கோபித்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை அன்றைக்குக் கேட்கமாட்டார். மூன்றாம் நாள் வந்து கேட்பார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் பசுமையார். மொட்டை மாடியில் நான்கு தொட்டி வைத்த எவரும் இரண்டாவது வருஷம் பசுமையாராகிவிடுவார். இதற்கு மருந்து கிடையாது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். அழைப்பு மணியை அடிக்கமாட்டார். இரண்டு கையிலும் காய் இருப்பதால் முழங்கையால் கதவை இடிப்பார். திறந்தால், நகத்தில் மண், காதோரம் மண், சட்டைப் பையில் சின்னக் கத்தரிக்கோல், கையில் ரொட்டி வந்த பழைய பாலிதீன் பை, பைக்குள் முந்தாநாள் பேப்பர், பேப்பருக்குள் ஒரு பிடி கீரையும் இரண்டு தக்காளியும், தக்காளி ஒன்றில் ஓர் ஓட்டை, அந்த ஓட்டையைப் பற்றி நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அதுவே தரத்துக்கு அத்தாட்சி என்று ஒரு விளக்கம். மருந்தே அடிக்கவில்லையாம். புழுவே நம்பிச் சாப்பிடுகிறதாம், நமக்கென்ன பயமாம். புழு இன்னும் உள்ளேதான் இருக்கும். அதைச் சொல்லமாட்டார். பையை மட்டும் மறக்காமல் திருப்பிக் கேட்பார்.

பசுமையாரின் இலக்கணமும் தனி. அவருக்குச் செடிகொடிகள்தான் உயர்திணை. மிளகாய் 'அவன்', சோம்பேறி, வெயில் ஏறினால்தான் எழுந்திருப்பான். தக்காளி 'அவள்', நேற்றுத் தண்ணீர் தாமதமானதில் கொஞ்சம் கோபித்துக்கொண்டிருக்கிறாள். புதினா ஒரு அடங்காப்பிடாரி, பக்கத்துத் தொட்டிக்குள் காலை நீட்டுகிறான். இந்தக் குடும்பச் செய்தியெல்லாம் சொல்லி முடித்த பிறகு, வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், பேச்சுச் சத்தம் கேட்கிறதே என்றால், "மச்சினன் வந்திருக்கு, ரெண்டு நாள்ல போயிடும்" என்பார்.

எங்கள் கட்டடத்துப் பசுமையார் நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். வெயிலே படாத குழிக்குள் நின்று கிரீஸ் பூசியே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் மேலே போய் மொட்டை மாடியில் நின்றுவிட்டார். அவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் நிதானம் முழுவதும் அந்த அம்மாவின் பங்குக்கே போய்விட்டது. இவர் கையில் அகப்பட்டவர்கள் கட்டடத்திலிருந்த மற்ற எட்டு வீட்டுக்காரர்கள்.

கொடுப்பதோடு விட்டாரா? எட்டு வீட்டுக்கும் எட்டு வாளி வைத்தார், மூடி போட்டது. சமையலறைக் கழிவு எதுவும் வெளியே போகக்கூடாது. எல்லாம் மக்கி அவர் தொட்டிக்கு உரமாக வேண்டும். நல்ல காரியம்தானே என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம். அதன் பிறகுதான் புரிந்தது, எங்கள் வீட்டு ரகசியம் அத்தனையும் தினமும் காலையில் ஒரு மனிதர் கண்முன் கொட்டப்படுகிறது என்று. என்ன தம்பி, இந்த வாரம் முட்டை ஓடு குறைந்திருக்கிறதே, உடம்பு சரியில்லையா என்று படியில் நிறுத்தி விசாரிப்பார். மேல் வீட்டுத் தையற்கார அக்கா டீயை விட்டுவிட்டதாகத் தன் கணவரிடம் சத்தியம் செய்திருந்தார், டீத்தூள் காட்டிக்கொடுத்துவிட்டது. முக்கியமான விஷயம், அவர் கொடுத்த காய் எதையும் அந்த வாளியில் போட முடியாது. போட்டால் மறுநாள் காலை அவரே அதை அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

இனி மூன்றாம் நாள் சடங்குக்கு வருவோம். இரண்டாம் நாள் உங்களைப் பார்த்தால் ஒன்றும் கேட்கமாட்டார். மழை வருமா, வராதா என்று பேசிவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் காலையில், நீங்கள் ஒரு கையில் சாவியும் மறு கையில் மதிய உணவுமாகப் படியிறங்கும் நேரம் பார்த்து, நீள நோட்டு ஒன்றோடு எதிரே நிற்பார். "எப்படி இருந்துச்சு?"

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர். நம்பருக்கு நேரே, காய் எந்த வீட்டுக்குப் போனது, அந்த வீட்டார் என்ன சொன்னார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைப்பார். நீங்கள் "ம்" என்றால் "ம்" என்றே எழுதுவார். ஆறாம் நம்பர் வெள்ளரி உண்மையிலேயே நன்றாக இருந்தது; மொறுமொறுவென்று, நீர் ததும்ப, ஒரு சின்ன இனிப்போடு. அதற்கு எட்டு வீடும் சேர்ந்து அளித்த மதிப்புரை இதுதான்: ஏழு "நல்லாருந்துச்சு", ஒரு "ம்". நன்றாக இருப்பதைப் பற்றிப் பேச நமக்கு என்ன இருக்கிறது?

பிறகு ஏழாம் நம்பர் காய்த்தது.

என் மனைவி நறுக்கி உப்பு தூவி வைத்தாள். மகள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஓடின வேகத்தில் திரும்பி வந்து கழுவுதொட்டியில் துப்பினாள். நான் கடித்தேன். கசப்பு. வெள்ளரியின் காம்புப் பக்கம் லேசாகக் கசக்குமே, அது இல்லை. நாக்கில் ஆரம்பித்து, தொண்டையில் இறங்கி, காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் கசந்தது. அவருக்கு இது தெரிய வழியே இல்லை. வெள்ளரி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு சாப்பிட்டால் ஒன்பது தும்மல் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிக்கோ அந்த வாசனையே ஆகாது. காய்த்தது முழுவதும் எங்களுக்கே.

"போய்ச் சொல்லிடுங்க. பாவம், தெரிஞ்சாத்தானே அந்தச் செடியப் பிடுங்குவாரு" என்றாள் மனைவி. சரி என்றுதான் போனேன். அவரோ நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, முதல் பரிசு அறிவிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளை போல என் முகத்தையே பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது இது: "இந்த மாதிரி ஒரு வெள்ளரிய நான் வாழ்க்கையிலேயே சாப்பிட்டதில்ல சார்."

கவனியுங்கள். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தையற்கார அக்கா சொன்னது, "நாக்குலயே நிக்குது சார்." அதுவும் சத்தியம். கீழ்வீட்டு அஞ்சல்காரர் ஒரு துண்டு தின்றதிலேயே போதும் என்றாகிவிட்டது என்று சொன்னாராம். மறுபடி எப்போது தருவீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. பிடித்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற நாங்கள், பிடிக்காத காய்க்கு, குற்ற உணர்ச்சி தாங்காமல், ஆளுக்கு இரண்டு வரி, மூன்று வரி என்று அள்ளிக் கொட்டினோம். நோட்டில் ஏழாம் நம்பருக்கு மட்டும் பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

பாராட்டினால் என்ன ஆகும்? இன்னும் வரும். வாரம் இரண்டு வந்தது. வாளியில் போட வழியில்லை. நான் அலுவலகப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், இரண்டு தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஏறிவிடுவேன். ஒரு நாள் அப்படிக் கையை உள்ளே விட்டு, சத்தம் வராமல் காயைக் கீழே வைத்து நிமிர்ந்தால், எதிரே தையற்கார அக்கா. அவர் கையில் ஒரு துணிப்பை. பையின் வாயிலிருந்து பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் கையும் களவுமாக அகப்பட்டோம். அப்போதாவது யாராவது ஒருவர் உண்மையைப் பேசியிருக்கலாம், நானே கூட.

"பஸ் இன்னைக்கு லேட்டு போல தம்பி" என்றார் அக்கா.

"ஆமாக்கா, ரோடு வேலை நடக்குதில்ல" என்றேன்.

அவர் தன் வேலையை முடித்துவிட்டு நடந்தார். நான் பேருந்து ஏறினேன்.

இங்கேதான் நகராட்சி உள்ளே வருகிறது. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை கிடந்தது. உடைந்த நாற்காலிகளும் முள்ளும் தவிர அங்கே எதுவும் விளைந்ததில்லை. அதைத் தெருவுக்குத் தோட்டமாகத் தரவேண்டும் என்று பசுமையார் பதினான்கு மனு போட்டு, பதினைந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தபோது, மனமிரங்கி ஒரு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். 'ஒரு தெரு, ஒரு காய்' என்று ஒரு திட்டமாம். தெருவுக்கு ஏற்ற ஒரே காயைத் தேர்ந்தெடுத்து மனை முழுவதும் போடவேண்டும். அறுவடையன்று அதிகாரி வந்து பார்ப்பார், தின்றும் பார்ப்பார். திருப்தியானால் இடம் தொடரும், இல்லையென்றால் மனை வண்டி நிறுத்துமிடமாகிவிடும்.

பசுமையாரின் மனைவி ஒரு நாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற புதிதில் அவர் மூன்று மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தாராம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டுவிட்டுப் போய் மறுபடி படுத்துக்கொள்வார். வாடிப்போன ஒரு மிளகாய்ச் செடியை யாரோ தூக்கி எறிந்ததைப் பார்த்துத்தான் முதலில் எழுந்து மாடிக்குப் போனாராம். "இந்த மனை போச்சுன்னா மறுபடி படுத்துருவாரும்மா" என்று அந்த நிதானமான அம்மாள் அழுதுவிட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து மனை நிலைக்க வேண்டுமே என்ற கவலை எனக்கும் வந்துவிட்டது. கேலி செய்கிறேனே தவிர, எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

ஆகவே, எந்தக் காய் என்று கேட்டேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வெள்ளரிதான். நம்ம ஏழாம் நம்பர். கடைசிக் காயப் பறிக்காம மஞ்சளா பழுக்க விட்டு வெத எடுத்து, நாத்தும் விட்டு வச்சிருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாள் காலை மனைக்குப் போனேன். வரிசை வரிசையாகக் கயிறு பிடித்து, முழங்காலிட்டு, ஒவ்வொரு நாற்றையும் கழுத்தைத் தாங்கி நட்டுக்கொண்டிருந்தார். நூற்று இருபது நாற்று. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வெள்ளரியில் சில சமயம் கசப்பு, என்று ஆரம்பித்தேன். "வரும் தம்பி. கண்ட வெதையப் போட்டா வரத்தான் செய்யும். அதுக்குத்தானே நோட்டு" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்து, அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். நான் சொன்ன வாக்கியத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் அதைத்தான் படித்துக்கொள்வாராம். ஏழாம் நம்பர் வெள்ளரியை என் மகளாவது துப்பினாள். நான் அன்றைக்குச் சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டேன்.

கொடி படர்ந்தது. பூத்தது. பிஞ்சு விட்டது. எட்டு வீடும் தண்ணீர் ஊற்றியது, பந்தல் கட்டியது, களை எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அஞ்சல்காரர் மண்வெட்டியும் கையுமாக நிற்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அதுவரை லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பந்தலடியில் நின்று சிரித்துப் பேசினார்கள். எல்லாம் பேசினார்கள். ஒன்றை மட்டும் பேசவில்லை. மண் மாறினால் ருசி மாறிவிடும் என்று ஒரு தடவை தையற்கார அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. நானும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன். முதல் காய் அதிகாரி கையில்தான் என்று பசுமையார் பிடிவாதமாக இருந்ததால், சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

அதிகாரியம்மாள் வந்தார். மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பசுமையாரே பறித்து, கழுவி, வட்ட வட்டமாக நறுக்கினார். ஆளுக்கொரு துண்டு கைக்கு வந்தது. யாரும் கடிக்கவில்லை. மரியாதைக்காக அதிகாரிக்குக் காத்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த அம்மாள் கடித்தார். மென்றார். மெல்லுவது நின்றது. ஒரு கண் மட்டும் தானாக மூடித் திறந்தது. பிறகு, வெகு நேரம் கழித்து, முழுங்கினார்.

"ரொம்ப... இயற்கையா இருக்கு" என்றார்.

அவரும் எங்களில் ஒருவர்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாங்களும் கடித்தோம், தலையாட்டினோம். மண் மாறியிருந்தது, கசப்பு மாறவில்லை. அந்த அம்மாள் பேனாவை எடுத்தார், எடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம், விளைவித்தவர் ஒரு துண்டு சாப்பிடவில்லையே என்று உபசாரம் செய்தார். ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். இன்றைக்கு ஒரு நாளைக்கு என்று எல்லோரும் வற்புறுத்தியதில், வெட்கத்தோடு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். ஒன்பது தும்மலுக்காகக் காத்திருந்தோம். ஒன்றுகூட வரவில்லை.

"கசக்குதே" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. பசுமையார் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, கசக்குதில்ல?"

ஆமாம் என்றால் வண்டி நிறுத்துமிடம். சுவரைப் பார்த்த படுக்கை. இதைவிட நல்ல காரணம் ஒரு கோழைக்கு எப்போது கிடைக்கும்? "இல்லையே சார். நல்லாத்தான் இருக்கு" என்றேன். உடனே எட்டு வீடும் சேர்ந்துகொண்டது. எனக்குக் கசக்கவில்லை, எனக்கும்தான், ருசியாக அல்லவா இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தையற்கார அக்கா இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தத் தியாகத்தை நான் மறக்கமாட்டேன். பசுமையாரும் இன்னொரு துண்டைக் கடித்து, கண்ணை மூடி, மென்று பார்த்தார். "அப்போ எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்றார்.

அறிக்கை எழுதப்பட்டது. இடம் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அது மட்டுமில்லை, இந்த விதையையே திட்டத்தில் சேர்ந்த மற்ற பன்னிரண்டு தெருக்களுக்கும் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. நாங்கள் கைதட்டினோம். அவர் ஒரு கையில் அந்தக் கடித்த துண்டை வைத்துக்கொண்டே மறு கையால் கும்பிட்டார்.

அடுத்த வாரம் அவர் மனைவி அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். நாக்கை நீட்டச் சொல்லி, விளக்கடித்து, இனிப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார் மருத்துவர். அன்று மாலை பந்தலடியில் அவரைப் பார்த்தபோது, டாக்டர்தான் ஒன்றுமில்லை என்கிறாரே, பிறகென்ன என்று கேட்டேன்.

"அவரு என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு தம்பி" என்றார். "எட்டு வீடும் ஒரு ஆபீசரும் சேர்ந்து பொய் சொல்லுவாங்களா?"

பக்கத்தில் யாருமில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டாயிற்று, இடம் போகாது, சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. வாய் வரை வந்தது. "வயசாகுதில்லையா சார், சகஜம்தான்" என்றேன். அன்றைக்கு எனக்கு என்னைப் பிடிக்கவே இல்லை. இப்போது அவர் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. கீரையைக் கூட எங்களிடம் கொடுத்து, உப்பு போதுமா, இனிப்பாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். வீட்டில் மனைவி சமைத்ததையும் எங்களில் ஒருவர் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் நம்புகிறாராம்.

உங்கள் வீட்டில் ஒரு தொட்டிகூட இல்லை, ஆகவே நீங்கள் பசுமையார் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். உண்மைதான். பசுமையார் தெருவுக்கு ஒருவர்தான் இருப்பார், நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது அவரைப் பற்றி என்று நீங்கள் நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. கொஞ்ச நாள் முன்னால் ஒருவர், உங்களுக்கு வேண்டியவர், தன் கையால் ஆக்கிய ஒன்றை உங்களிடம் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் அல்லவா? சமைத்ததோ, தைத்ததோ, எழுதியதோ, எனக்குத் தெரியாது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.